தூரமா?

சான் ஃபிரான்சிஸ்கோவில் டிராம்களுக்கு எழுத்துதான் பெயர். ஜே, கே, எல், எம் என்று போய், எங்கள் தெருக்கோடியில் ஓடியது 'என்'. மாடி வீட்டு ஆன்ட்டி அதை 'என் கார்' என்பார். அங்கிளிடம் ஒரு டொயோட்டா இருந்தது. ஆன்ட்டிக்கு ஓட்டத் தெரியாது. "அவருக்கு அவர் கார், எனக்கு என் கார்" என்று சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று முகத்தைப் பார்ப்பார். முதல் தடவை நிஜமாகவே சிரித்தேன். அதற்கப்புறமும் சிரித்து வைத்தேன், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த ஜோக் அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி வந்த புதிது. கணவருக்கு வேலை சான்டா கிளாராவில். விடிந்ததும் ஃப்ரீவேயைப் பிடிக்க ஓடிவிடுவார். எனக்கு வேலை பார்க்க விசா இல்லை, கார் ஓட்ட வராது, ஜன்னலைத் திறந்தால் கடல் பக்கத்திலிருந்து வரும் பனிமூட்டம் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அங்கிள் என் மாமனாருக்கு வேண்டப்பட்டவர். அந்தத் தயவில் அவர் வீட்டுக் கராஜுக்குப் பின்னாலிருந்த கீழ் போர்ஷனில் குடியிருந்தோம். பெரம்பூரில் பத்துப் பேர் கத்துகிற வீட்டில் வளர்ந்தவள் நான். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால்கூட அப்பாடா என்றிருக்கும்.

வந்த முதல் வாரம், ஒரு காலையில் ஆன்ட்டி படியிறங்கி வந்தார். நீளமான கறுப்புக் கோட்டு, வெள்ளை ஷூ, தோளில் துணிப்பை. பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "எங்க ஆன்ட்டி கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி மாடிக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அதே கோட்டு அதே பையுடன் மறுபடி முதலிலிருந்து இறங்கி வந்தார். அதற்குள் தெருக்கோடியில் ஒரு டிராம் வந்து போயே விட்டது. நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

"வெளிய கிளம்புறவங்கள எங்கன்னு கேக்கக் கூடாதும்மா. உங்க வீட்ல சொல்லித் தரலையா? கேட்டே ஆகணும்னா தூரமான்னு கேளு" என்றார்.

எங்கள் வீட்டிலும் சொல்லித்தான் தந்தார்கள். யார் அதையெல்லாம் பெரம்பூரிலேயே கடைப்பிடித்தார்கள், இங்கே வந்து கடைப்பிடிக்க? ஆன்ட்டி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர். இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறவர். கணவர் வந்ததும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அங்கிளும் ஆன்ட்டியும் தங்கள் பையனைப் பற்றி உன்னிடம் பேசவே இல்லையா என்று கேட்டார்.

அவர்களுக்கு ஒரே பையன். அதே வீட்டில் வளர்ந்தவன். நன்றாகப் படித்தவன்தான். காலேஜில் எங்கேயோ வழி தவறி, போதை ஊசி போட்டுக்கொள்ளப் பழகி, படிப்பை விட்டு, வீட்டிலிருந்த பொருள்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கடைசியில் அவனே வீட்டை விட்டுப் போய்விட்டான். நாங்கள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது அது. நகரத்துக்குள்தான் எங்கேயோ தெருவில் இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஒருத்தர் ஹெய்ட் தெருவில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருத்தர் மார்க்கெட் தெருவில். அங்கிள் அவன் பெயரை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆன்ட்டி தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஊர் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று நினைத்தேன். ஊரை நன்றாகவே பார்த்தேன், ஆனால் ஊர் பார்க்க வந்தவர்கள் பார்க்கிற ஊர் இல்லை அது.

சனிக்கிழமைகளில் நான் காரில் கூட்டிப் போகிறேனே ஆன்ட்டி என்று என் கணவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். கூட்டியும் போனார். கால்வாசி நேரம் ஏற்ற இறக்கத்தில் பிரேக் போட்டே போயிற்று, மீதி நேரம் பார்க்கிங் தேடி. ஒரு சிக்னலில் ஆன்ட்டி கதவைத் திறந்து இறங்கியே விட்டார். "கார்ல போனா ரோடுதான் தெரியுது. மூஞ்சி எங்க தெரியுது?" என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. டிராம் நின்று நின்று போகும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னலுக்கு நேராகப் பத்து முகமாவது வரும். நடந்தால் இன்னும் கிட்டத்தில்.

முதலில் 'என்' ஏறுவோம். ஏறும்போதே டிரைவர் கிழித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் சீட்டை வாங்கி ஆன்ட்டி உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொள்வார். அதில் போட்ட நேரம் முடிகிற வரை எந்த டிராமில் வேண்டுமானாலும் மாறி ஏறலாம். கோல் தெருவில் இறங்கி ஹெய்ட் தெருவுக்கு நடப்போம். பழைய ஹிப்பி காலத்துத் தெரு என்று அதைப் போட்டோ எடுக்க உலகமே வந்திருக்கும். அவர்கள் எல்லாரும் அண்ணாந்து வீடுகளைப் பார்ப்பார்கள். ஆன்ட்டி ஒருத்தர்தான் குனிந்து, நடைபாதையில் நாயும் மூட்டையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். பையில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம் பொட்டலங்கள் இருக்கும். கேட்பவர்களுக்குக் கொடுப்பார். அந்தப் பிள்ளைகள் அவருக்கு 'ரைஸ் மாம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போட்டோ காட்டிக் கேட்கலாமே என்று நான்தான் புத்திசாலித்தனமாக ஒரு நாள் சொன்னேன். ஆன்ட்டி பர்ஸைத் திறந்து காட்டினார். ஹைஸ்கூல் பட்டமளிப்பு உடுப்பில், பெரிய பல் வரிசை தெரியச் சிரிக்கிற பையன். இதை யாரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது, இப்போது இப்படியா இருப்பான், நேரில் பார்த்தால் எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும் என்றார்.

அங்கிருந்து மறுபடி 'என்' பிடித்து, சுரங்கப்பாதைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, மார்க்கெட் தெருவில் 'எஃப்' ஏறுவோம். அது பழைய காலத்து டிராம். வேறு வேறு ஊர்களில் ஓடிய வண்டிகளின் வர்ணத்தை அப்படியே அடித்து ஓட்டுவார்கள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். டூரிஸ்டுகளுக்குக் கொண்டாட்டம். ஆன்ட்டிக்கு அதன் பெரிய ஜன்னல்கள்தான் முக்கியம். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். எங்கே ஆட்கள் கும்பலாகப் படுத்திருக்கிறார்களோ அங்கே இறங்கிவிடுவார். மூத்திர நாற்றத்தில் எனக்குக் குமட்டும். காற்று காதைப் பிய்க்கும். கால் வலி, பசி, எரிச்சல் எல்லாமாகச் சேர்ந்து பல நாள் அவர்மேல் விழுந்து பிடுங்கியிருக்கிறேன். "நீ வேணா வீட்டுக்குப் போம்மா" என்பார். எப்படிப் போவேன்?

அந்த 'எங்கே' விஷயத்தில் மட்டும் அவரோடு மாரடிக்க முடியாது. 'எஃப்' டிராமில் ஒரு டிரைவரம்மா இருந்தார். நல்ல மனுஷி, குரல் ஊருக்கே கேட்கும். எங்களைத் தினம் பார்க்கிறாராம், அன்பாக, "வேர் யூ கோயிங் டுடே, ஹனி?" என்று கேட்டுவிட்டார். ஆன்ட்டி ஏறின படியிலேயே திரும்பி இறங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த திட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்தார். அப்புறம்தான் அடுத்த வண்டிக்கு எழுந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தம்மா இங்கிலீஷில்தானே கேட்டாள், அதற்குமா என்றேன். ஆன்ட்டி அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் பார்த்தார். இங்கிலீஷில் கேட்டாலும் கேள்வி அதுதானே என்றார்.

தமிழர்கள் கூடுகிற பொங்கல், பிறந்தநாள் எதற்கும் அவர் வருவதை விட்டிருந்தார். தப்பித் தவறி வந்த ஒரு இடத்தில், சாப்பாட்டுத் தட்டோடு ஒரு அம்மா வந்து, பையன் என்ன பண்றான் என்று விசாரித்தது எனக்கு நினைவிருக்கிறது. "சிட்டிலதான் இருக்கான்" என்றார் ஆன்ட்டி. அந்த அம்மா, சிட்டியில் பெரிய கம்பெனி வேலை போல என்று நினைத்துக்கொண்டு, நல்லது நல்லது என்று நகர்ந்தாள். ஆன்ட்டி என்னைப் பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் எங்கேயும் இறங்கப் பிடிக்காமல், எங்கள் ஸ்டாப்பையும் தாண்டி, 'என்' திரும்புகிற கடற்கரை வரை போய்விட்டோம். பனியில் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அங்கே பெஞ்சில் வைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பெரிய சண்டை. வாசலில் அவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பாமேல் இருந்த கோபத்தையும் சேர்த்து ஆன்ட்டி அவனிடம் காட்டிவிட்டார்.

"எங்கடா போறன்னு கத்திட்டேன். அவுட்ன்னான். அந்த ஒரு வார்த்தைதான். கதவச் சாத்திட்டுப் போயிட்டான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் போகவில்லை ஆன்ட்டி, அவனுக்கு உடம்பு சரியில்லை, அது ஒரு வியாதி, இதெல்லாம் ஒரு காரணமா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியாதா? நூறு காரணம் இருக்கு. அதுல எதை என்னால சரி பண்ண முடியும், சொல்லு. இது ஒண்ணத்தான் திருத்திக்க முடியும். அதான் திருத்திக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்ததில்லை. அவன் கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. அவனை நேரில் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு தொப்பிக்கு உள்ளேயும் எட்டிப் பார்த்தேன்.

கிடைத்தான். ஒரு மத்தியானம், மஞ்சள் வர்ண 'எஃப்' டிராமில் வந்துகொண்டிருந்தோம். ஆன்ட்டி திடீரென்று எழுந்து நின்று மணிக்கயிற்றை இழுத்தார். இறங்கிச் சாலையைக் கடந்தோம். மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் தொப்பி தைத்த சாம்பல் நிறச் சட்டையோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். தாடி, வெடித்த உதடு, ஒரு புறங்கை பன் மாதிரி வீங்கியிருந்தது. போட்டோவில் இருந்த பையன் இவன் என்று என் தலையில் அடித்துச் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆன்ட்டி போய் அதே படியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியா?"

"ஐம் குட், மா."

பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டான். ஆன்ட்டி அழவில்லை, வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. பின்பக்கத்து எலுமிச்சை மரம் இந்த வருஷம் நிறையக் காய்த்திருப்பதைச் சொன்னார். அப்பா கண்ணாடி மாற்றியதைச் சொன்னார். கீழ் போர்ஷனில் இந்தப் பெண்தான் குடியிருக்கிறாள் என்று என்னைக் காட்டினார். அவன் தலையைத் தூக்கி, "ஹாய்" என்றான். அந்த நிலையிலும் மரியாதையாக லேசாக எழுந்திருக்கப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனால் உட்கார முடியவில்லை. தோளைச் சொறிந்தான், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான், எழுந்தான். என் வாயில் 'எங்கே' என்ற சொல் வந்து முட்டியது. ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். நகம் பதிந்துவிட்டது.

"தூரமாப்பா?" என்று அவனிடம் கேட்டார்.

அவன் நின்றான். சின்ன வயதில் ஸ்கூலுக்கு, விளையாட என்று கிளம்பும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்திருக்கும் போல. வெடித்த உதடோடு சிரித்தான். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு.

"நோ, மா. நாட் ஃபார்."

தெருமுனையில் திரும்பிவிட்டான். நான் துடித்து எழுந்தேன், பின்னாலேயே போகலாம், எங்கே இருக்கிறான் என்றாவது பார்த்து வைக்கலாம் என்றேன். ஆன்ட்டி விடவில்லை. பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது, தொடரவும் கூடாது, நல்லபடியாகப் போகட்டும், தானாக வருவான் என்றார்.

திரும்பும்போது அந்தப் பழைய டிரைவரம்மா வண்டிதான் வந்தது. எங்கே போகிறாய் என்று அன்று கேட்ட மாதிரியே கேட்டார். ஆன்ட்டி முதல் முறையாகப் பதில் சொன்னார். "ஹோம்" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டால் தோஷமில்லையாம். அன்றைக்கு ஆன்ட்டியை அப்படி ஒரு சந்தோஷத்தில் பார்த்தேன். சேமியா பாயசம் வைத்து எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். இந்தத் தடவை சரியாகக் கேட்டுவிட்டேன், பார்த்தாயா, நின்று பதில் சொல்லிவிட்டுப் போனான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை மெலிந்திருந்ததையோ, வீங்கின கையையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கிள் பாயசத்தைத் தொடவில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் அதே படியில் போய் உட்கார்ந்தோம். அவன் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் பிணவறையிலிருந்து போன் வந்தது. அங்கிளோடு என் கணவர் போய் அடையாளம் காட்டிவிட்டு வந்தார். அந்த ஸ்டாப்பிலிருந்து ஒரு தெரு தள்ளி, ஒரு பழைய லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே கிடந்திருக்கிறான். கையில் ஊசி. எந்த இடம் என்று என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"தூரமில்லன்னு சொன்னான்ல? பொய் சொல்லல பாரு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எங்கே இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன, என்று அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. கேட்டு முதல் தடவை என்ன ஆயிற்று என்பதும் ஞாபகம் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சமையலறைக்குப் போய் அங்கே கிடந்த பாத்திரங்களையெல்லாம் தேய்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அங்கிள் கீழே வந்தார். வெறும் சாக்ஸோடு எங்கள் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை. அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன்.

"அவ தமிழ்லயா கேட்டா?"

"ஆமா அங்கிள்."

"அவனுக்குப் புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே மேலே போனார். அவர் அழுத சத்தம் நெடுநேரம் கேட்டது. ஆன்ட்டியின் சத்தம் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்தன. வந்தவர்கள் போனார்கள். 'என்' டிராம் தெருக்கோடியில் போய் வந்துகொண்டிருந்தது. மாடியில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லாமல் பல நாள் போயிற்று. அப்புறம் ஒரு காலையில் படியில் காலடி கேட்டது. ஆன்ட்டிதான். அதே கறுப்புக் கோட்டு, வெள்ளை ஷூ, பை. பை மட்டும் வெறுமையாகத் தொங்கியது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஓடிப் போய்க் கதவைத் திறந்து, சொல்லிக்கொடுத்தபடி ஜாக்கிரதையாகக் கேட்டேன்.

"தூரமா ஆன்ட்டி?"

அவர் கடைசிப் படியில் நின்றார்.

"அப்படிக் கேக்காத. எங்க போறேன்னு கேளு."

கேளு, பரவாயில்லை, கேளு என்று இரண்டு முறை சொன்னார். கேட்டேன். எங்கே போறீங்க ஆன்ட்டி என்று கேட்டேன்.

அவர் தெருப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்துக்கு டிராம் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். கதவு மூடி, மணியடித்துக்கொண்டு கிளம்பிப் போனது. அது போன பிறகும் அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலம்மா" என்றார்.

என் வீட்டுக்குள் வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் குடித்தார். பழக்கதோஷத்தில், இனி எழுந்திருப்பார், முதலிலிருந்து கிளம்புவார் என்று நான் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.